கட்டிலில் படுத்தபடி என்ன தெரிகிறது?

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, முடிந்தால் வருத்தக்காரரின் கட்டிலை யன்னல் பக்கம் மாற்றிக் கேளுங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெகிவளை, வத்தளை என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க ஆஸ்பத்திரியும் மரமும்தான். நான் டொக்டர் இல்லை. கொழும்பில் 30 வருஷத்துக்கு மேல் வார்டுகளில் தாதியாக நின்றவள். அந்த அனுபவத்தையும், படித்ததில் நிச்சயமாகத் தெரிந்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஒப்பரேஷன் முடிந்து வார்டில் இருக்கிறார். கட்டில் சுவரோரம். மரம் தெரிகிற கட்டிலில் இருந்தால் சீக்கிரம் சுகம் வரும், அதற்கு ஆராய்ச்சி இருக்கிறது என்று கனடாவில் இருக்கிற தம்பி ஒவ்வொரு நாளும் போன் எடுத்துச் சொல்கிறான். உண்மையா, இல்லாவிட்டால் வட்ஸ்அப் கதையா?
- வாசகி, வெள்ளவத்தை

தம்பி சொல்கிற ஆராய்ச்சி உண்மையாகவே இருக்கிறது. ரொஜர் உல்ரிச் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1984இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1981 வரையான பதிவேடுகளை எடுத்து, பித்தப்பை ஒப்பரேஷன் செய்துகொண்ட 46 பேரைச் சோடி சோடியாகச் சேர்த்துப் பார்த்தார். வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம் எல்லாம் ஒத்துப்போகிற மாதிரிச் சோடிகள். ஒருவருக்கு யன்னலால் பார்த்தால் மரங்கள், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு போனார்கள், சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். கிட்டத்தட்ட முக்கால் நாள் வித்தியாசம். கடுமையான வலி மருந்தும் மரம் தெரிந்தவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. எனக்கு அதில் ஆகப் பிடித்தது வேறொன்று: தாதிமார் எழுதி வைத்த குறிப்புகளையும் அவர் எண்ணினார். அழுகிறார், நிறைய ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிற மாதிரியான குறிப்புகள் சுவர் பார்த்தவர்களின் கோப்புகளில் அதிகம். டியூட்டி முடிகிற நேரத்தில் கால் கடுக்க நின்றபடி நாங்கள் எழுதி வைக்கிற அந்த இரண்டு வரியை ஒருவர் எடுத்துப் படித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆனாலும் 46 பேர், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வகை ஒப்பரேஷன். அதை வைத்து அம்மா இத்தனை நாளில் எழும்பி நடப்பார் என்று கணக்குப் போட ஏலாது. பின்னால் வந்த வேறு ஆராய்ச்சிகளும் அதே பக்கம்தான் காட்டுகின்றன, உதாரணமாக 2005இல் பிட்ஸ்பர்க்கில் முதுகெலும்பு ஒப்பரேஷன் செய்தவர்களில், வெயில் வெளிச்சம் நன்றாக விழுகிற அறைகளில் இருந்தவர்கள் மணிக்கு 22 வீதம் குறைவாக வலி மருந்து எடுத்தார்கள். இதையெல்லாம் ஓர் உதவி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் இடுப்புக்கு முதல் மருந்து, பிஸியோ பிள்ளை வந்து எழுப்பும்போது மறுக்காமல் எழும்புவது.

நாளைக்குப் பார்க்கப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் குனிந்து, உங்கள் தலையை அம்மாவின் தலை இருக்கிற உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். பார்க்க வருகிற எல்லோரும் நின்றுகொண்டுதான் வார்டைப் பார்க்கிறோம். நிற்கிறவர் கண்ணுக்கு யன்னலும் மரமும் அழகாகத் தெரியும், படுத்திருக்கிறவர் கண்ணுக்கு அது வரவே வராது. எனக்கே இது தெரிய 12 வருஷம் ஆயிற்று. ஹட்டன் பக்கமிருந்து வந்த ஓர் ஐயா, சீனி வருத்தத்தால் ஒரு கால் எடுத்தவர், சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கொண்டே இருப்பார். வலியாக்கும் என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் அவருடைய சலைன் குழாய் கட்டிலுக்கு அடியில் சிக்கிவிட்டது, எடுக்க முழங்காலில் குந்தினேன், என் முகம் அவர் முகத்துக்கு நேரே வந்தது. அங்கிருந்து தெரிந்தவை: ஒரு ஃபேன், நடுங்கி நடுங்கி எரிகிற டியூப்லைட், பக்கத்துக் கட்டில்காரரின் துருப்பிடித்த அலுமாரியின் முதுகு. மாமரம் நிற்கிற யன்னல் அவருடைய தலைக்குப் பின்னால் இருந்தது. காற்று வரும்போது இலைச் சத்தம் கேட்கும், பார்க்க முடியாது. அதற்குத்தான் அந்தக் கழுத்துத் திருப்பல். அட்டென்டன் தம்பியைக் கூப்பிட்டு தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டோம், இரண்டு நிமிஷ வேலை. அடுத்த நாள் காலை, “மிஸ், அந்தக் கிளையில ரெண்டு அணில் கூடு கட்டுது” என்று சொல்லிக்கொண்டே கஞ்சியைக் குடித்து முடித்தார். கால் திரும்பி வரவில்லை, காயம் ஆறுகிற வேகத்திலே ஆறியது. ஆனால் அந்த ஆள் வார்டுக்குள் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

அம்மாவின் கட்டிலை நகர்த்த முடியாதபடி ஒட்சிசன் இணைப்போ வேறு எதுவோ இருக்கலாம். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் காலையில், டொக்டர்மார் சுற்றிப் பார்த்துப் போன பிறகு, தனியாகக் கேளுங்கள். பார்க்க வருகிற நேரத்துக் கூட்டத்தில் கேட்டால் யாராலும் நின்று பதில் சொல்ல முடியாது. யன்னலோரக் கட்டில் காலியானால் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அதுவும் சரிவராவிட்டால், ஒரு கையளவு பிளாஸ்டிக் முகக் கண்ணாடி வாங்கி, அலுமாரியின் மேல் யன்னல் தெரிகிற கோணத்தில் சாய்த்து வையுங்கள். பிஸியோ நடத்தும்போது “அந்த யன்னல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் அம்மா” என்று சொல்லிப் பாருங்கள். பத்து அடி நட என்று சொன்னால் மறுக்கிறவர்கள், போய்ப் பார்க்க ஒன்று இருந்தால் எழும்புவார்கள்.

கேள்வி: வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும், ஆஸ்த்மாவுக்கு நல்லது என்று கடையில் சொல்லி மூன்று செடி விற்றுவிட்டார்கள். உண்மையா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

இல்லை. இந்தக் கதை 1989இல் நாசா செய்த ஒரு சோதனையிலிருந்து வந்தது. அது நன்றாக மூடிய சின்னப் பெட்டிக்குள் செடி வைத்துச் செய்த சோதனை. நம்முடைய வீடு பெட்டி இல்லை, கதவு யன்னலால் காற்று வந்து போகிறது. யன்னல் திறப்பதால் வருகிற பலனைச் செடியால் கொண்டுவர வேண்டுமென்றால் ஒரு சதுர மீற்றருக்குள் குறைந்தது பத்துச் செடியாவது வைக்க வேண்டும் என்று 2019இல் கணக்குப் பார்த்து எழுதினார்கள். ஆஸ்த்மாவுக்கு இன்ஹேலரை விடாதீர்கள். செடிகள் கண்ணுக்குக் குளிர்ச்சி, வளருங்கள்.

கேள்வி: சின்னம்மாவுக்கு மகரகமையில் கீமோ நடக்கிறது. துளசியில் உயிர். ஒரு சின்னப் பூச்சாடியில் துளசிக் கன்று கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க ஆசை. விடுவார்களா?
- வாசகி, தெகிவளை

விட்டாலும் வைக்க வேண்டாம். கீமோ எடுக்கிற நாட்களில் வெள்ளை அணுக்கள் குறைந்து உடம்பு எதிர்த்து நிற்க முடியாத நிலையில் இருக்கும். ஈர மண்ணில் பூஞ்சை வித்துகள் இருக்கும், அவை காற்றில் எழும்பி நெஞ்சுக்குள் போனால் நமக்கு ஒன்றும் ஆகாது, சின்னம்மாவுக்கு நிமோனியா வரை கொண்டுபோகலாம். வெட்டிய பூவை வைக்கிற தண்ணீரிலும் கிருமி பெருகும். இதே காரணத்தால்தான் தீக்காய வார்டுகளிலும் ஐசியுவிலும் பூவும் செடியும் விடுவதில்லை. துளசியை வீட்டில் வைத்து, காலையில் தண்ணீர் ஊற்றும்போது வீடியோ கோல் எடுத்துக் காட்டுங்கள். புதுத் துளிர், பூங்கொத்து, மண் நனைகிற சத்தம் எல்லாம் காட்டுங்கள். டொக்டர் சரி என்று சொல்கிற நாளில் வெளியே மர நிழலில் பத்து நிமிஷம் இருத்திவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்றும் சின்னம்மாவிடம் சொல்லுங்கள். நம் முற்றத்தில் நாமே கவனிக்காமல் முளைத்து நிற்கிற நித்தியகல்யாணி, பட்டிப்பூ என்றும் சொல்வோமே, அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்கிற மருந்துகள். 1960கள் தொடக்கம் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் கொடுக்கிறார்கள். உடனே யாரும் இலையைப் பறித்து அவிக்க வேண்டாம், அந்தச் செடி நஞ்சு. ஆலையில் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறபோதுதான் அது மருந்து.

கேள்வி: கணவர் 11 நாளாக ஐசியுவில். நான் காலையில் வந்து வாசலில் இருந்தால் இரவுதான் வீடு. ஒரு நாள் திடீரென்று மூச்சு முட்டுகிற மாதிரி வந்து படியில் இருந்துவிட்டேன். கண் திறந்தாலும் அவர் எங்கேயோ இருக்கிற மாதிரிப் பேசுகிறார், இது எந்த ஊர் என்று கேட்கிறார். பயமாக இருக்கிறது.
- வாசகி, வத்தளை

தங்கச்சி, முதலில் அவரைப் பற்றி. ஐசியுவில் இப்படிக் குழம்பிப் பேசுவது நிறையப் பேருக்கு வருகிறது, டிலிரியம் என்று சொல்வார்கள். பைத்தியம் இல்லை, பெரும்பாலும் வருத்தம் குறையக் குறையத் தெளியும். ஆனால் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள், கிருமித் தொற்று, மருந்து, உப்புச் சத்துக் கூடுதல் குறைவு என்று காரணம் தேடிப் பார்க்க வேண்டும். 24 மணித்தியாலமும் லைட் எரிகிற, மிஷின் சத்தம் ஓயாத இடத்தில் பகல் எது இரவு எது என்று மூளைக்குத் தெரியாமல் போகிறது. அதனால் நீங்கள் உள்ளே போகிற அந்தச் சில நிமிஷத்தில் அழுகையை வாசலில் வைத்துவிட்டு, இது புதன்கிழமை காலை, வெளியே மழை பெய்து விட்டிருக்கிறது, வாசல் வேம்பில் காகம் நனைந்து போய் இருக்கிறது, நாங்கள் கொழும்பில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் அது. திரைச்சீலையைப் பகலில் விலக்கி வைக்க முடியுமா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள்.

இனி உங்களைப் பற்றி. மூச்சு முட்டியது திரும்ப வந்தால் நீங்களும் காட்டுங்கள், அதை விட்டுவிட வேண்டாம். மற்றபடி, நீங்கள் வாசலை விட்டு நகர்ந்தால் ஏதாவது நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், எனக்குத் தெரியும், அப்படி எத்தனையோ அம்மாமாரை, மனைவிமாரை அந்த வாங்கில்களில் பார்த்திருக்கிறேன். போன் நம்பரை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு எழும்புங்கள். பெரியாஸ்பத்திரி என்றால் லிப்டன் சுற்றுவட்டத்தால் கொஞ்சம் நடந்தால் விகாரமகாதேவி பூங்கா. பெரிய பெரிய மரங்கள், கீழே நின்றாலே வெயிலின் சூடு வேறு மாதிரித் தெரியும். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2019இல் வந்தது: வாரத்துக்கு 120 நிமிஷமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று பச்சையான, திறந்த இடங்களில் இருந்தவர்கள் உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இருந்தாலும் பிரித்துப் பிரித்து இருந்தாலும் ஒன்றுதான். நன்றாக இருக்கிறவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்கிற கேள்வி அதில் இருக்கிறது, உங்களுக்கு அந்தக் கணக்கு தேவையும் இல்லை. ஒரு நாளைக்கு 20 நிமிஷம். போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பார்க்க வேண்டாம். சோற்றுப் பார்சலையும் அங்கேயே கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள். அவர் வீடு வந்தபிறகுதான் உங்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது, அதற்கு நீங்கள் விழாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: மிஸ், நானும் தாதிதான். எங்கள் வார்டுக்குப் பின்னால் பழைய கட்டில்கள் போட்டு வைத்திருக்கிற ஒரு துண்டு நிலம் இருக்கிறது. தோட்டமாக்கலாம் என்று கேட்டால் நுளம்பு வரும், டெங்கு வரும் என்கிறார்கள். என்ன சொல்லிப் பேசுவது?
- வாசகி, களுபோவில

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான் வேலை செய்த இடம் ஒன்றில், வார்டுக்கு நிழல் தந்துகொண்டிருந்த இரண்டு பெரிய மரங்களை வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று ஒரு வார விடுமுறைக்குள் வெட்டிப் போட்டார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வார்டுக்குள் பின்னேர வெயில் நேரே கட்டிலில் விழுகிறது. வருத்தக்காரர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள். நாங்கள் பழைய பெட்ஷீட்டை யன்னலில் கட்டினோம். யாரிடமும் கேட்கவில்லையே என்கிற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் நீங்கள் கேட்கிறதை விடாமல் கேளுங்கள்.

நுளம்புப் பயம் நியாயமான பயம், அதைத் தட்டிக் கழித்துப் பேசாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீரில், மரத்தின் பச்சையில் இல்லை. உண்மையில் இப்போது அங்கே கிடக்கிற பழைய கட்டில் குழாய், உடைந்த பேசின், பொலித்தீன் இவற்றில்தான் மழைத் தண்ணீர் நிற்கும். துப்புரவாக்கி மண் நிரவித் தண்ணீர் ஓட வழி செய்தாலே டெங்குக்கு நல்லது என்று அந்தப் பக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். சாடிகளுக்குக் கீழே தட்டு வேண்டாம், நேரே நிலத்தில் நடுங்கள். இலைக்கவட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற அன்னாசி இனத்து அலங்காரச் செடி, வாழை இவற்றைத் தவிருங்கள். மரப்பொந்து இருந்தால் மண்ணால் அடையுங்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் வாரத்துக்கு ஒரு தடவை, கிழமை குறித்து, பெயர் போட்டு, சுற்றிப் பார்க்கிற ஆள் வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலையும் கையில் கொண்டுபோய்க் கேளுங்கள்.

அப்புறம், என்ன நடுவது என்பதை விட எப்படி இருப்பது என்பதுதான் முக்கியம். இரண்டு பக்கமும் கைபிடியுள்ள, முதுகு சாய்கிற வாங்கில். கைபிடி இல்லாத வாங்கிலில் இருந்தால் ஒப்பரேஷன் செய்தவர் எழும்ப முடியாது. சக்கர நாற்காலி போகிற அகலத்துக்கு வழுக்காத பாதை, சரளைக்கல் வேண்டாம். வாசலில் ஒரு படி கூட இருக்கக் கூடாது. சலைன் போத்தல் தொங்கவிட ஒரு கொக்கி. வார்டு மேசையில் இருந்து பார்த்தால் வாங்கில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கே பயத்தில் யாரையும் அனுப்ப மனம் வராது. அலரி வேண்டாம், நஞ்சு. வாசனை கடுமையான பூக்களும் வேண்டாம், வாந்தி வருகிற நிலையில் இருப்பவர்களுக்கு மல்லிகை கூடத் தாங்காது. செவ்வரத்தை வைக்கலாம், தேன்சிட்டு வரும். கறிவேப்பிலை வைத்தால் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்காத அம்மாமார் இல்லை.

மேலிடத்தில் வெளிநாட்டு உதாரணம் கேட்டால் சொல்ல இரண்டு மூன்று இருக்கின்றன. சிங்கப்பூரில் ஈசூனில் 2010இல் திறந்த கூ டெக் புவாட் ஆஸ்பத்திரி, குளத்தோரம் முழுக்க முழுக்கத் தோட்டமாகவே கட்டியது, கூரையில் மரக்கறித் தோட்டமும் இருக்கிறது. அதுவும் நம்மைப் போல் வெக்கையும் மழையும் டெங்குவும் உள்ள ஊர்தான். பிரித்தானியாவில் 2009 தொடக்கம் அரச ஆஸ்பத்திரி வளவுகளில் மரம் நடுவதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. அங்கேயே சாலிஸ்பரி ஆஸ்பத்திரியின் முதுகெலும்பு வார்டில், ஹொரேஷியோ என்கிற ஒரு பள்ளிக்கூடப் பையன் தொண்டு வேலைக்கு வந்து, அங்கிருந்தவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டான். வெளியே இருக்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். 2011இல், 17 வயதில், அவன் இறந்து போனான். அவன் பெயரிலேயே 2012இல் தோட்டம் திறந்தார்கள், கட்டிலோடு தள்ளிக்கொண்டு வெளியே வரலாம். நம் நாட்டு உதாரணமும் இருக்கிறது: மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியின் இடிபாடுகளைப் போய்ப் பாருங்கள், நடுவில் திறந்த முற்றம், சுற்றிவர வருத்தக்காரரின் அறைகள்.

அந்தப் பையன் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். வார்டில் இருக்கிறவர்களிடம் ஒரு கிழமை கேட்டு எழுதுங்கள், சிங்களத்திலும் தமிழிலும். அந்தத் தாள்களோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: தாத்தா கிளிநொச்சியில் 40 வருஷம் தோட்டம் செய்தவர். காலில் சீனி வருத்தப் புண், ஆஸ்பத்திரியில் இருந்து எங்கள் தொடர்மாடி வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோம், 7ஆம் மாடி. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். மண்ணைத் தொட வேண்டும் என்கிறார், விடலாமா?
- பேத்தி, பம்பலப்பிட்டி

விடுங்கள், ஆனால் புண் மண்ணைத் தொடக் கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இருக்கிற ஒரு கிருமியால் மெலியோய்டோசிஸ் என்கிற நோய் வரலாம், நம் நாட்டிலும் இருக்கிறது, உயிரையே எடுக்கக் கூடியது. புண்ணை நன்றாக மூடிக் கட்டி, மூடிய செருப்புப் போட்டு, கையுறை போட்டு, அப்புறம்தான் மண். முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கைகழுவல். காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் கொண்டு ஓடுங்கள், தோட்ட வேலை செய்தவர் என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.

சாடிகளைத் தரையில் வைக்காமல் மேசை உயரத்தில், காலை வெயில் விழுகிற பக்கம் வையுங்கள், கதிரையில் இருந்தபடியே கை எட்ட வேண்டும். பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பொன்னாங்காணி. அலங்காரச் செடி வேண்டாம், அவருக்கு அது தோட்டம் இல்லை. 7ஆம் மாடிக் கடல் காற்றுக்கு மிளகாய்க் கன்று சாயும், எந்தப் பக்கம் முட்டுக் கொடுப்பது என்று நீங்களாகத் தீர்மானிக்காமல் அவரிடம் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், எப்போது நுனி கிள்ளுவது எல்லாம் அவர் சொல்ல நீங்கள் செய்யுங்கள். பூத்தால் பூவை எண்ணுகிற வேலை தாத்தாவுடையது, நீங்கள் எண்ணிச் சொல்லிவிடாதீர்கள். அவர் எழும்பி பல்கனி வரைக்கும் நடக்க வேண்டும்.